பணத்துக்கு ஓர் எண்வகை

செம்பனைத் தோப்புகளுக்கு அருகிலேயே தரவு மையங்கள் எழும்பிவரும் மலேசியாவின் செடெனாக்கில், சிறு தோட்டக்காரர்களிடம் குலை வாங்கும் ஒருவருக்குக் கணக்கு நிரல் எழுதித் தரும் பொறுப்பை ஏற்றபோது, எந்த மொழியில் எழுதுவது என்பதைவிட, பணத்தை எந்த எண்வகையில் வைப்பது என்பதே முதலில் தீர்க்கவேண்டிய விஷயமாக எனக்குப் பட்டது. அந்த அபிப்பிராயம் இன்றளவும் மாறவில்லை.

வழக்கமான 'டபுள்' வகை, எண்களை இரண்டின் அடுக்குகளால் ஆக்குவது, ஆகையால் 1.005 என்று நாம் எழுதினாலும் உள்ளே தங்குவது 1.00499999999999989… என்னும் மயிரிழை குறைந்த எண்ணே. அதை இரண்டு தசம ஸ்தானங்களுக்குத் திருத்தினால், காகிதக் கணக்கில் 1.01 வரும் இடத்தில் 1.00 வந்து நிற்கும். வெயிலில் நின்று குலை வெட்டியவருக்கு ரசீதின் மேல் சந்தேகம் பிறக்க அந்த ஒரு சென் போதும்.

ஆதலால் ஜாவாவின் பிக்டெசிமல் என்னும் தசம எண்வகையை எடுத்தேன். அதற்கு எண்ணை எழுத்துச் சரமாகவே கொடுக்கவேண்டும். டபுளாக இருந்ததைக் கொடுத்தால் அந்தக் குறைவும் பிசகாமல் கூடவே வரும். 2.0-ஐயும் 2.00-ஐயும் அதன் ஈக்குவல்ஸ் என்ற செயல்முறை வேறென்று சொல்லும். மதிப்பை ஒப்பிடக் கம்பேர்டூ என்ற செயல்முறை வேண்டும். பத்து ரிங்கிட்டை மூவருக்குப் பங்கிடச் சொன்னால், மீதியை எப்படித் திருத்துவது என்ற விதி சொல்லாதவரை விடை தராமல் பிழை எழுப்பும். சிலர் தொல்லை என்று கருதும் இதை நான் பெருங்குணமாகவே கொள்கிறேன், ஏனெனில் அவ்விதியை வகுக்கவேண்டியது சட்டமும் வழக்கமுமேயன்றி இயந்திரமன்று. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத் தொகை 5 சென்னுக்குத் திருத்தப்படுகிறது. அதுவும் மொத்தத்தில்தான், வரிக்கு வரி அன்று.

கிலோவில் நிறுக்கும் எடைக்கு முழு எண்ணே போதும். பின்ன வகை துல்லியமானதே; ஆனால் கூட்டக் கூட்டப் பகுதி எண் பெருத்து வேகம் குன்றும்.

பணத்துக்கு அப்பால், டபுளின் இலக்கங்கள் எந்தக் கணக்குக்கும் போதும் என்பதும் பொருந்தாது. ராமானுஜன் 1914-ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டிய, 58-இன் வர்க்கமூலத்தைப் 'பை'யால் பெருக்கி, அதை அடுக்காகக் கொண்டு 'இ'யை உயர்த்தினால் வரும் 24591257751.99999982… என்ற எண்ணை டபுள் ஏந்தாது. அவ்வளவு பெரிய எண்களிடையே அதன் இடைவெளியே ஏறத்தாழ 0.0000038 ஆதலால், முழு எண்ணென்றே மயங்கும். அங்கே எம்பிஎஃப்ஆர் போன்ற உயர்துல்லிய நிரல் நூலகம் அவசியம்; அதற்கும் எத்தனை இலக்கம் என்பதை நாமே குறிக்கவேண்டும்.

பணத்தைத் தொடும் நிரலை எழுதப் புகும் இளைஞர்கள், முதல் வரிக்கு முன்பே, எந்தத் தொகையை எப்போது எப்படித் திருத்துவது என்பதைக் கணக்குப்பிள்ளையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.