பழைய பாய்லரை மாற்றும்முன்: இடம் குறைந்த வீடுகளுக்கு ஒரு பாடம்



உறங்கப் போகும்முன் வீட்டில் எரியும் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இங்கிலாந்தில் வாழும் நம் வீடுகளில் நாம் உறங்கிய பிறகும் எரிகிற நெருப்பு ஒன்று உண்டு. அதுதான் பாய்லர். ஜனவரிக் குளிரில், கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் இருக்கும் வீட்டில் அதை அணைத்துவிட்டுப் படுக்க முடியாது. ஆகவே அந்த நெருப்பை யாருக்கும் தீங்கு தராதபடி வைத்திருப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பாகிறது. பழைய பாய்லரைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாளில்தான் இந்தப் பொறுப்பு அதிகம் சோதிக்கப்படுகிறது.

இடமும் பாய்லரின் ஒரு பகுதியே

கிழக்கு லண்டனின் பழைய தொடர்வீடுகளில் பாய்லருக்கென்று தனி அறை கிடையாது. சமையலறை அலமாரிக்குள், மாடிப்படிக்குக் கீழே, துணி உலர்த்தும் அலமாரியில், சில வீடுகளில் வரவேற்பறைக் கணப்பின் பின்புறச் சுவருக்குள் அது ஒளிந்திருக்கும். கணப்பின் பின்னால் இருப்பதைப் பேக் பாய்லர் என்பார்கள்.

பேக் பாய்லரும் வேறு சில பழைய வகைகளும், எரிவதற்கு வேண்டிய காற்றை அறையிலிருந்தே எடுத்துக்கொண்டு புகையைச் சிம்னி வழியே அனுப்புகின்றன. காற்றுப் போதாவிட்டாலோ சிம்னி அடைத்துக்கொண்டாலோ எரிவாயு முழுமையாக எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம், அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். வெளியே போனால் தலைவலி தெளிந்து, வீட்டுக்குள் வந்தால் திரும்புகிறதா? வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா? அப்படியானால் பாய்லரைச் சந்தேகியுங்கள். நீல நிறத்தில் எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிவதும், பாய்லரைச் சுற்றிக் கரிக்கறை படிவதும் எச்சரிக்கைகளே.

குளிர்காற்று வருகிறதென்று சுவரில் உள்ள காற்றுத்துளையைத் துணியால் அடைப்பது, பாய்லர் அலமாரிக்குள் தொழுகை விரிப்பையும் போர்வையையும் அடுக்குவது, சமையலறையை நீட்டிக் கட்டும்போது புகைக்குழாயின் வாய் புதுச் சுவருக்குள் சிக்கிவிடுவது ஆகிய மூன்றும் பல வீடுகளில் காணக்கூடியவை. மூன்றும் உயிருக்கு ஆபத்தானவை.

பழையதை எடுக்கும்போது

எரிவாயு, மின்சாரம், தண்ணீர் மூன்றையும் நிறுத்தி, குழாய்களிலுள்ள நீரை வடித்த பிறகே பழைய பாய்லரை அசைக்க வேண்டும். பல பழைய பாய்லர்களின் உள்ளே வார்ப்பிரும்பு இருக்கும். இடுக்கான இடத்தில் அதைத் தனியாள் தூக்குவது முதுகையும் சுவரையும் ஒருசேரக் கெடுக்கும்.

2000-க்கு முன் கட்டிய வீடானால் இன்னொரு எச்சரிக்கை. பழைய புகைக்குழாயிலும் அலமாரியின் உட்பலகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இருக்கக்கூடும். பிரிட்டன் அதை 1999-ல்தான் முழுமையாகத் தடை செய்தது. சந்தேகம் இருந்தால் துளையிடவோ உடைக்கவோ விடாதீர்கள். முதலில் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோய் தரும்.

புதியது எது?

இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல், சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும். இது காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையையும் வெளியே தள்ளும் மூடிய அமைப்பு. இடம் குறைந்த வீட்டுக்கு இதுவே பாதுகாப்பு. ஆனால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, புகைக்குழாய் எங்கே வெளியேறும்? ஜன்னல் போன்ற திறப்புகளிலிருந்து பொதுவாகக் குறைந்தது 300 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அடுக்குமாடியில் புகைக்குழாய் கூரைப்பலகைக்குள் மறைந்து போனால், அதைப் பார்வையிடத் திறப்புகள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கழிவுநீர் எங்கே போகும்? இந்த வகை பாய்லரிலிருந்து சற்று அமிலத்தன்மையுள்ள நீர் வடியும். அதைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் வீட்டுக்கு வெளியே நீண்டு சென்றால், கடுங்குளிரில் உறைந்து பாய்லர் நின்றுவிடும். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே செல்லும்படி அமைப்பது நல்லது.

மூன்றாவது, வெந்நீர் எவ்வளவு தேவை? காம்பி வகைக்குத் தண்ணீர்த் தொட்டியும் சிலிண்டரும் வேண்டாம். ஓர் அலமாரி இடம் மிச்சமாகும். ஆனால் 24 கிலோவாட் காம்பி, குளிர்ந்த நீரை 35 டிகிரி உயர்த்தினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர்தான் தரும். சுப்ஹு நேரத்தில் மாடியில் ஒருவர் குளிக்க, கீழே இருவர் உளூ செய்தால் எல்லோருக்கும் வெதுவெதுப்பே மிஞ்சும். பெரிய குடும்பம், இரண்டு குளியலறை என்றால் சிலிண்டர் உள்ள அமைப்பே பொருந்தலாம். எரிவாயுக் குழாயின் அளவு போதுமா என்பதையும் கேளுங்கள். பழைய பாய்லருக்குப் போதுமானதாக இருந்த குழாய் காம்பிக்குப் போதாமல் போகலாம்.

யாரிடம் ஒப்படைப்பது?

“நம்ம பையன்தான், பாதிச் செலவில் முடித்துத் தருவான்” என்ற பேச்சு நம்மிடையே சாதாரணம். நம்மவருக்கு வேலை கொடுப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் வந்துள்ளது. தகுதியில்லாத வேலையைத் தலையில் ஏற்றுக்கொள்வது அந்தப் பையனுக்கும் நாம் செய்யும் தீங்கே.

எரிவாயு வேலை செய்பவர் சட்டப்படி கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் பழைய கோர்கி பதிவுக்குப் பதிலாக இதுவே செல்லும். வருபவரிடம் அட்டையைக் கேளுங்கள். முன்பக்கத்தில் படம், எண், காலாவதி நாள் இருக்கும். பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லரைத் தொடக் கூடாது. அட்டை கேட்பது அவமரியாதை அல்ல. முறையான தொழிலாளி தானே எடுத்துக் காட்டுவார். அவருடைய கூலியைப் பேரம் பேசிக் கசக்காமல், வேலை முடிந்ததும் தாமதமின்றிக் கொடுத்துவிடுவது நம் கடமை.

வேலை முடிந்த பிறகு

பொருத்தியவர் அந்த வேலையை முறைப்படி பதிவு செய்ய வேண்டும். அதன்பின் கட்டட விதிச் சான்றிதழ் உங்களுக்கு வரும். வீட்டை விற்கும் நாளில் அதைக் கேட்பார்கள், பத்திரத்தோடு வையுங்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லரைப் புதிதாகப் பொருத்தும்போது கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்புச் செய்யுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் செலவை நினைத்து அஞ்ச வேண்டாம். எரிவாயுச் சாதனங்களை ஆண்டுதோறும் சோதித்து, அந்தப் பதிவின் பிரதியை 28 நாட்களுக்குள் உங்களிடம் தருவது வீட்டுக்காரரின் சட்டப்பூர்வக் கடமை. நம்மில் வீடுகளை வாடகைக்கு விட்டிருப்போருக்கு இது ஓர் அமானிதம். குடியிருப்பவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

எரிவாயு வாடை வந்தாலோ அலாரம் அடித்தாலோ, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எரிவாயுவை நிறுத்தி, எல்லோரும் வெளியேறி, 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். எரிவாயு வாடை இருக்கும்போது மின்சுவிட்சைத் தொடாதீர்கள். உடல்நலம் கெட்டிருந்தால் 999.

வீட்டில் கலந்து பேச

1. நம் பாய்லர் எங்கே இருக்கிறது? அதன் புகைக்குழாய் எங்கே வெளியேறுகிறது?
2. காற்றுத்துளை எதையாவது அடைத்திருக்கிறோமா?
3. கடைசியாக அதைச் சோதித்தவர் யார், எந்த நாளில்? அவருடைய அட்டையைப் பார்த்தோமா?
4. அலாரம் இருக்கிறதா? பொத்தானை அழுத்திச் சோதித்தோமா?
5. எரிவாயுவை நிறுத்தும் வால்வு எங்கே என்று பிள்ளைகளின் தாய்க்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தெரியுமா?

இந்த ஐந்துக்கும் இன்றிரவே விடை தேடுங்கள். நம் இல்லங்கள் அனைத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.