பாட்டுக் குழுவுக்கு போனில் ஓர் இடம்: யாங்கோன் மிங்கலாடோன் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

உயர்நிலைப் பள்ளிப் பாட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் ஓர் இடம் தொடங்கப் போகிறாயாமே, நல்ல காரியம் தங்கச்சி. ஒரு ஆசையை மட்டும் இப்போதே விட்டுவிடு. பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஜூமில் உட்காரவைத்துச் சேர்ந்து பாடவைக்க முடியாது. ஒருவர் குரல் இன்னொருவர் காதுக்கு 30 மில்லி விநாடி பிந்தினாலே தாளம் இழுக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் சத்தம் காற்றில் பத்து மீட்டர்தான் போகும், பார்த்துக்கொள். உங்கள் நெட் லட்சணத்துக்கு எவ்வளவு பிந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, உன் வார்டில் கரண்ட் இருக்கும்போது பக்கத்து வார்டில் இருக்காது.

அதனால் நேரம் வைத்து எல்லாரையும் கூப்பிடாதே. கரண்ட் வந்தபோது வந்து, தன் பதிவைப் போட்டு, மற்றவர் பாடியதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-ல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரை வைத்து இணையத்தில் சேர்ந்திசை நடத்தியதும் இப்படித்தான். அவரவர் வீட்டில் தனியாகப் பாடிப் பதிவு செய்தார்கள், பிறகு ஒன்றாகக் கோத்தார்கள்.

உனக்கு அவ்வளவு தடபுடல் வேண்டாம். சுருதியும் தாளத் தட்டும் சேர்ந்த ஒரே ஆடியோவைத் தயார் செய்து எல்லாருக்கும் அனுப்பு. ஒரு காதில் இயர்போன் மாட்டி அதைக் கேட்டுக்கொண்டே பாடி, அம்மா போனிலோ அண்ணன் போனிலோ பதிவு செய்யட்டும். பாட்டு தொடங்குமுன் தட்டோடு சேர்த்துப் பலமாக ஒரு கைதட்டல் கட்டாயம். ஒடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் அந்தக் கைதட்டல் கூராக எழும்பித் தெரியும். எல்லாருடைய கூர்முனைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் பாட்டு சேர்ந்துவிடும். மேலே பிளேன் போகும்போது பாட வேண்டாம் என்று ஏர்போர்ட் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லணுமா என்ன!

குழுவில் பத்தலா என்ற பர்மிய மூங்கில் வாத்தியம் வாசிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வாத்தியத்தின் சுருதியிலேயே ஆடியோவைச் செய். மூங்கில் பட்டையை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது, குரலை முடியும்.

வீடியோ கேட்காதே. 64 கேபிபிஎஸ் எம்.பி.3 என்றால் நிமிடத்துக்கு அரை எம்.பி.கூட ஆகாது. சுருக்காத வேவ் ஃபைல் 10 எம்.பி.யை விழுங்கும். டேட்டா காசு பெற்றோர் பையிலிருந்துதான் போகிறது.

சென்னையிலிருந்து ஒரு வித்வானைப் பேசவைக்கலாம், அதற்கு ஜூம் சரி. இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். அங்கே மாலை 6 என்றால் உனக்கு 7. 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை அவரை ஆன் செய்யச் சொல்ல மறக்காதே. இல்லாவிட்டால் ஜூம் தம்பூராவை ஃபேன் இரைச்சலாக எண்ணி அமுக்கிவிடும். பாவம், பாடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

ஃபேஸ்புக் குழு வேண்டவே வேண்டாம். 2021 பிப்ரவரியிலிருந்து மியான்மரில் அதற்குத் தடை, வி.பி.என். இல்லாமல் திறக்காது. அனுமதியில்லாத வி.பி.என். சேவைக்குத் தண்டனை வைத்து 2025-ல் சட்டமும் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை அந்த வழியில் கூட்டிப் போகாதே. அம்மாக்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற வைபர் போதும். அறிவிப்பைப் பர்மியத்தில் போடு, தமிழ் படிக்கத் தெரியாத வீடுகளும் இருக்கும்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களுக்குக் குரல் உடைகிற நேரம். அவர்கள் பதிவை உனக்கு மட்டும் தனியாக அனுப்பட்டும். பொதுவில் போட்டு யாராவது ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் விட்டால், அந்தப் பையன் அப்புறம் வாயே திறக்க மாட்டான். கீழ்ச் சுருதியில் அவனுக்குப் பாட இடம் கொடு.

பாட்டைத் தவிர வேறு ஃபார்வர்டு எதுவும் குழுவில் வரக்கூடாது. அரசியல் செய்தி அறவே கூடாது. வழியில் சோதனை என்று நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிற காலம் இது, மாட்டுவது பிள்ளையாக இருக்கும். குழுப் பெயரில் பள்ளியின் பெயர் வேண்டாம், சீருடைப் படமும் வேண்டாம். நீ ஒருத்தியே அட்மினாக இருக்காதே, தலைமை ஆசிரியரிடம் சொல்லி இன்னொரு டீச்சரையும் சேர்த்துக்கொள். ஒரு பிள்ளையோ அதன் அம்மாவோ பதிவை எடுத்துவிடு என்று கேட்டால், ஏன் என்று கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடு.