நடக்கும் மரங்கள்: ஒரு பரிசு ஓவியம் தரும் பாடம்

2019ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், குழந்தைகள் தினத்தன்று, நம் நாட்டில் கூகுள் தேடுபக்கத்தைத் திறந்தவர்கள் கண்ணில் ஒரு சிறுமி வரைந்த ஓவியம் பட்டது. அதில் மரங்கள் காலில் காலணி அணிந்து நடந்துகொண்டிருந்தன. வரைந்தவள் அரியானா மாநிலம் குருகிராமைச் சேர்ந்த ஏழு வயது மாணவி. பள்ளிப் பிள்ளைகளுக்கென அந்நிறுவனம் 2009 முதல் இந்தியாவில் நடத்திய 'டூடுல் ஃபார் கூகுள்' என்னும் போட்டியில், அவ்வாண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து இப்படம் நாட்டின் முதற்பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

போட்டிக்கு அவ்வாண்டு கொடுக்கப்பட்ட பொருள், "நான் வளர்ந்த பிறகு" என்று தொடங்கி, தன் நம்பிக்கையைச் சொல்லிக் குழந்தையே முடிக்கவேண்டிய ஒரு வாக்கியம். இத்தகைய தலைப்பை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரியவர்கள் உடனே அருகில் அமர்ந்து, மருத்துவர் படம் வரை, விண்கலம் வரை என்று சொல்லத் தொடங்கிவிடுவோம். அச்சிறுமியோ தன்னைப் பற்றி ஒன்றுமே வரையவில்லை. தான் பெரியவளாகும் காலத்தில் உலகத்து மரங்களெல்லாம் நடக்கவோ பறக்கவோ வல்லனவாகவேண்டும், அப்படியானால் மனிதருக்கு நிலம் தேவைப்படும்போது மரங்களைக் கொல்லாமலே வேறிடம் போகச் சொல்லலாம் என்பது அவள் தந்த விளக்கம். மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு அவள் வருந்தியதே இப்படத்துக்கு வித்து.

இதனைப் படித்த அன்று என் நினைவுக்கு வந்தது, நம் ஆகமங்கள் உயிர்களை வகுத்திருக்கும் முறை. சம்சாரத்தில் உழலும் ஜீவன்களைத் தாவரம், திரசம் என இரண்டாகப் பிரிப்பது நாம் சிறுவயதிலேயே பாடசாலையில் கற்பது. நிலம், நீர், தீ, காற்று, மரஞ்செடிகள் ஆகியவற்றை உடலாகக் கொண்டவை தொடு உணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிர்கள், இவை தாவரம். ஈரறிவு முதல் ஐயறிவு வரை உள்ளவை திரசம். துன்பம் வரும்போது விலகி ஓடக்கூடியது திரசம். நின்ற இடத்திலேயே நின்று வெட்டுண்ணுவது தாவரம். நிலைத்து நிற்பது என்னும் பொருளுடைய 'ஸ்தாவரம்' என்னும் சொல்லே தமிழில் 'தாவரம்' என்று வழங்குகிறது. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுடையனவாகவே வைத்துள்ளது. அச்சிறுமி இவற்றில் எதையும் படித்திருக்கவேண்டிய தேவையில்லை. ஆயினும் மரத்தின் துன்பத்துக்குக் காரணம் அதனால் ஓட முடியாமையே என்பதைக் கண்டுபிடித்து, அதற்குக் கால் கொடுத்துவிட்டாள். தாவரத்தைத் திரசமாக்கிய அவளுடைய துணிவை எண்ணி எண்ணி வியக்கிறேன். கொல்லாமை பற்றி நாம் நடத்தும் பாடம் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்றவள் என்ற முறையில் இப்படத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். முதலில் கண்ணால் கண்ட ஒரு காட்சி இருக்கிறது. அக்காட்சியால் மனத்தில் ஒரு வருத்தம் பிறக்கிறது. பின்னர் அவ்வருத்தத்துக்குக் குழந்தை தானே ஒரு வழி தேடுகிறது. கைத்திறன் இவற்றுக்குப் பின்னரே வருகிறது. ஏழு வயதுக் கை எவ்வளவு வரையுமோ அவ்வளவே அதிலும் உள்ளது. நடுவர்கள் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை.

இப்பொழுது நம் வகுப்பறைக்கு வருவோம். "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்றால் கன்னியாகுமரி முதல் காஞ்சிபுரம் வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். முக்கோண மலை இரண்டு, நடுவே பாதிச் சூரியன், அதன் கீழிருந்து புறப்படும் ஓர் ஆறு, கரையில் குடிசை, வளைந்த தென்னை, வானத்தில் கோணல் கோடுகளாய்ப் பறவைகள். யார் முதலில் கற்றுக்கொடுத்தார்களோ தெரியாது. தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஆரல்வாய்மொழியில் மட்டும் இப்படத்தில் ஓரளவு உண்மை உண்டு. இங்கே உண்மையாகவே இரு மருங்கும் மலை, நடுவே கணவாய். ஆனால் கணவாய் வழியாக வருவது காற்று. ஆனி ஆடி மாதங்களில் அக்காற்றில் குடையை விரித்துப் பிடித்தவர்களுக்கு அதன் வலிமை தெரியும். அக்காற்றை நம்பித்தான் முப்பந்தல் பகுதியில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் அடியிலேயே வளரும் பிள்ளைகளின் 'இயற்கைக் காட்சி'யில் காற்றாலை வருவதில்லை. வரையச் சொன்னாலோ, பலர் நான்கு இறக்கை போட்டு விடுகிறார்கள். புத்தகத்துக் காற்றாடியில் நான்குதானே உண்டு! ஜன்னலைத் திறந்து எண்ணினால் மூன்றுதான்.

இதனைச் சிறிய பிழை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. தினமும் காணும் பொருளைக் குழந்தை பார்க்காமலே வளர்கிறது என்பதற்கு இது சான்று. ஒரு வகுப்பை வெளியே அழைத்துச் சென்று பதினைந்து நிமிடம் காற்றாலைகளைப் பார்க்கச் சொன்னால் எத்தனை செய்திகள் கிடைக்கும்! ஆடியில் சுழல்பவை யாவும் ஏறத்தாழ ஒரே திசைக்கு முகம் காட்டி நிற்கும். வடகிழக்குப் பருவத்தில் அவையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இறக்கை அடியில் அகன்றும் நுனியில் மெலிந்தும் இருக்கும். மாலை வெயிலில் அதன் நிழல் வயலையும் சாலையையும் கடந்து ஓடும். அந்நிழலை வரையும் பிள்ளைக்கு மற்றவர் படம் எதற்கு? மத்திய மின் அமைச்சகத்தைச் சார்ந்த எரிசக்தித் திறன் அலுவலகம் பள்ளி மாணவர்க்கான ஓவியப் போட்டியை 2005இல் தொடங்கியது. எரிசக்திச் சேமிப்பே அதன் பொருள். அப்பொருளுக்கு நம் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் காட்சி தில்லிப் பிள்ளைக்குக் கிடைக்குமா?

குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாக ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்னும் கல்வியாளர் 1947இல் வெளியிட்ட நூல், ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் நெடுங்காலம் போற்றப்பட்டது. இரண்டு வயதுக் கிறுக்கலில் தொடங்கி, நான்கு வயதுக்கு மேல் உருவங்கள் தோன்றி, ஏழு முதல் ஒன்பது வரை குழந்தை தனக்கென ஒரு குறியீட்டு முறையை அமைத்துக்கொள்கிறது என்பது அவர் கண்டது. ஒன்பதுக்கு மேல்தான் "உள்ளது போல் இல்லையே" என்னும் கவலை வருகிறது. நம் பிள்ளைகள் பலர் வண்ணக் குச்சியைக் கீழே வைப்பது அந்த வயதில்தான். "எனக்கு வரைய வராது" என்று பத்து வயதில் சொன்னவர், எழுபதிலும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். அந்நேரத்தில் அருகிலுள்ள பெரியவர் படத்தை வாங்கித் திருத்தினால் அக்கவலை உறுதிப்படும். யானை பச்சையாக இருக்கக் காரணம் என்ன என்று கேட்டால் குழந்தை காரணம் சொல்லும், கேட்டுப் பாருங்கள்.

கொச்சியில் 1976இல் பிறந்த கிளிண்ட் என்னும் சிறுவனின் பெற்றோர் இதை நன்கு அறிந்தவர்கள். சிறுநீரக நோயுற்ற அப்பிள்ளை 1983ஆம் ஆண்டு, ஏழு வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே மறைந்தான். அதற்குள் அவன் வரைந்தவை இருபத்தையாயிரத்துக்கும் மேல் என்பர். ஐந்து வயதில், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றான். பெற்றோர் சொன்ன இராமாயண, மகாபாரதக் கதைகளும், திருவிழாவில் கண்ட யானைகளும், தெய்யம் ஆட்டமுமே அவனுக்குப் பொருள். அவர்கள் கதை சொன்னார்கள், திருவிழாவுக்குத் தூக்கிச் சென்றார்கள், தாளும் வண்ணமும் வாங்கிக் கொடுத்தார்கள். கையைப் பிடித்து வரையவில்லை. மேதைகளை எடுத்துக்காட்டினால் நம் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று கேட்பவர் உண்டு. மேதைமை பொருந்தாமல் இருக்கலாம். அவ்வீட்டு வழக்கம் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

குழந்தைகளின் ஓவியப் போட்டிக்கு இந்தியாவில் உலகப் பெயர் தேடித்தந்த கேலிச்சித்திரக்காரர் சங்கரும் நம் பக்கத்தவரே. பழைய திருவிதாங்கூரின் காயங்குளத்தில் 1902இல் பிறந்தவர். பள்ளியில் படிக்கையில், வகுப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆசிரியரை அப்படியே வரைந்ததுதான் அவருடைய முதல் கேலிச்சித்திரமாம். தலைமையாசிரியர் சினந்தார், வீட்டிலிருந்த மாமனோ பிள்ளையின் திறமையைக் கண்டுகொண்டார். (அத்தலைமையாசிரியர் மீதும் எனக்குச் சற்று இரக்கம் உண்டு. மறுநாள் அந்த ஆசிரியருக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவரல்லவா!) அச்சிறுவனே வளர்ந்து 1949இல் தில்லியில் தொடங்கிய போட்டி, அடுத்த ஆண்டே பிற நாட்டுக் குழந்தைகளுக்கும் திறக்கப்பட்டது. 1957இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவியவரும் அவரே. பரிசுக்கென ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரு பொம்மையில் மனத்தைப் பறிகொடுத்து, 1965இல் தில்லியில் பொம்மைக் காட்சியகமே அமைத்துவிட்டார். அரிமா சங்கங்கள் 1988 முதல் பதினொன்று முதல் பதின்மூன்று வயதினருக்கு நடத்திவரும் அமைதி ஓவியப் போட்டியில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: படத்தில் எழுத்தோ எண்ணோ இருத்தல் கூடாது. "மரம் வளர்ப்போம்" என்று மேலே எழுதித் தப்பிக்க அங்கே வழியில்லை.

நம் சமூகத்தில் மகாவீர் ஜெயந்தியை ஒட்டிப் பல ஊர்களில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் வந்து சேரும் படங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நாட்காட்டிப் படத்தின் மேல் மெல்லிய தாள் வைத்து எடுத்த பகவான் திருவுருவங்களே பெரும்பாலும். பார்த்துப் போடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். கோலத்தை அம்மாவின் கையைப் பார்த்துத்தான் கற்றோம். சிற்பியும் அளவு பார்த்துத்தான் ஜினபிம்பம் செதுக்குவார், அங்கே அளவு மாறுதல் ஆகாது. வழிபாட்டுக்குரிய உருவத்துக்கு அந்த ஒழுங்கு வேண்டும். குழந்தையின் சிந்தையை அறிய விரும்பும் போட்டிக்கு வேறு பொருள் கொடுக்கவேண்டும்.

லேசியைகளை விளக்கும் நாவல் மரக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பசியோடு வந்த அறுவர் பழுத்த மரத்தைக் காண்கின்றனர். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணுகிறான். ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை வெட்ட எண்ணுகிறான். ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிக்க எண்ணுகிறான். ஆறாமவன் தரையில் உதிர்ந்தவையே போதும் என்கிறான். கருப்பில் தொடங்கி வெண்மையில் முடியும் ஆறு மனநிறங்கள். சமண ஓவியர்கள் விரும்பித் தீட்டிவந்த கதை இது. ஆனால் அச்சிட்ட படத்தை முதலிலேயே காட்டிவிடாதீர்கள். கதையைச் சொல்லிவிட்டு, உங்கள் தெருவிலுள்ள ஒரு மரத்தின் அடியில் பிள்ளைகளை உட்காரவையுங்கள். நாவல் கிடைக்காவிட்டால் வேம்போ புளியோ போதும். யாரேனும் ஒரு பிள்ளை மரத்தின் முகத்தை வரையும். அறுவரில் யாரைக் கண்டு அம்முகம் அஞ்சுகிறது என்று அதனிடமே கேளுங்கள்.

கண்ணால் பார்த்து வரைந்ததற்கு நம் முன்னோர் விட்டுச்சென்ற சான்று சித்தன்னவாசலில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று உள்ளது. சமவசரணத்தில் பவ்வியர்கள் மலர் கொய்யும் பொய்கை என்று அதனை அறிஞர் விளக்குவர். பொருள் ஆகமத்திலிருந்து வந்தது. மீனும் பறவையும் எருமையும் யானையும், மொட்டும் மலருமாய் நிற்கும் தாமரையுமோ புதுக்கோட்டைச் சீமைக் குளங்களில் ஓவியன் கண்டவையாகத்தான் இருக்கவேண்டும். விடுமுறையில் அங்கே செல்லும் குடும்பங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலைக்குச் செல்வோரும் அப்படியே. பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகளுக்கு முன் ஒரு குழந்தையைத் தாளும் பென்சிலுமாக அரைமணி நேரம் அமர்த்திப் பாருங்கள். முக்குடை எத்தனை அடுக்கு என்று அதன்பின் அதற்குச் சொல்லித்தரவேண்டியிராது.

செய்முறையாகச் சில சொல்கிறேன். அழிப்பானைக் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போகும். தாள் பெரியதாக இருக்கட்டும். "இது என்ன?" என்று கேட்பதைவிட "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்பது நல்லது, முதற்கேள்வி படம் புரியவில்லை என்று சொல்வது போல் குழந்தைக்குப் படும். போட்டி நடத்துவோர் அவ்விடத்திலேயே தாள் கொடுத்து வரையச் செய்தால், பெற்றோர் கை கலப்பது தானே நின்றுவிடும். படம் முடிந்ததும் அதன் பின்புறத்தில் நாளையும் வயதையும் குறித்து, குழந்தை சொல்லும் விளக்கத்தை அது சொன்ன சொற்களிலேயே, இலக்கணம் திருத்தாமல் எழுதிவையுங்கள். நடக்கும் மரங்களை நடுவர்கள் புரிந்துகொள்ளத் துணை செய்தவை, படத்தோடு அச்சிறுமி எழுதித்தந்த ஓரிரு வரிகளே.