காய்க்காத அப்பன் மரத்தை எடை போடுவது எப்படி?

பந்தயக் குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. ஓடி வென்ற ஆண் குதிரை நல்ல தகப்பனாகவும் இருக்குமா என்பதை அதன் ஓட்டத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் குதிரைக்குத் தன்னைப் போல ஓடிய மகன் அமையவில்லை. ஆனால், அதன் மகள்கள் ஈன்ற ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி ஆகிய இரண்டும் புகழ்பெற்ற பொலிக்குதிரைகள் ஆயின. மாட்டுப் பண்ணையில் சிக்கல் இன்னும் கூடுதல். காளை பால் தராது. அதன் மகள்கள் கறக்கும் பாலை அளந்து தகப்பனின் தரத்தை அறிவது நெடுநாள் வழக்கம்.

சுங்கை பெசார், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நீங்கள் நாள்தோறும் பார்க்கும் செம்பனைக்கும் இப்படி ஓர் அப்பன் உண்டு. அதன் பெயர் பிசிபெரா. குலை தள்ளாத இந்த மரத்தை நல்லது, கெட்டது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

மூன்று வகைப் பழங்கள்

செம்பனைப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் வெளியே எண்ணெய்ச் சதையும், நடுவே ஓடும், அதற்குள் பருப்பும் தெரியும். ஓடு தடித்திருந்தால் அது டூரா. ஓடு மெலிந்து, அதைச் சுற்றி நார் வளையம் தெரிந்தால் டெனெரா. ஓடே இல்லாதது பிசிபெரா. ஓடு மெலிய மெலியச் சதைக்கு இடம் கூடும், எண்ணெயும் கூடும்.

அப்படியானால் ஓடே இல்லாத பிசிபெராவையே நடலாமே என்று தோன்றும். அங்குதான் இயற்கை குறுக்கே நிற்கிறது. பெரும்பாலான பிசிபெரா மரங்களில் பெண் பூங்குலை பழுக்கும் முன்பே அழுகிவிடும். மரம் மட்டும் செழித்து வளரும்.

காங்கோவில் ஆய்வு செய்த பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் 1941இல் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். டூரா தாய், பிசிபெரா தகப்பன். இரண்டுக்கும் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் டெனெரா. நம் வட்டாரத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அன்று நட்டது தடித்த ஓடுள்ள டூரா. டெனெரா இங்கே பரவலாக நடப்பட்டது 1960களில்தான்.

தகப்பன் பங்கைத் தனியே பிரிப்பது

பிள்ளை மரத்தின் மரபணுக்களில் பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. ஆகவே பிள்ளைகள் நன்றாகக் காய்த்தால் அந்தப் பெருமை யாருக்கு என்ற கேள்வி வரும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்.

'அ' என்ற தகப்பனை ஒரு நல்ல தாயுடன் சேர்த்ததில் பிள்ளைகள் ஹெக்டருக்கு ஆண்டுக்கு 26 டன் குலை தந்தன. 'ஆ' என்ற தகப்பனைச் சுமாரான தாயுடன் சேர்த்ததில் 24 டன். 'அ'தான் உயர்ந்தது என்று சொல்லத் தோன்றும். இப்போது தாய்களை மாற்றிச் சேர்க்கிறோம். சுமாரான தாயுடன் 'அ' தருவது 21 டன். நல்ல தாயுடன் 'ஆ' தருவது 29 டன். சராசரி பார்த்தால் 'அ'வுக்கு 23.5, 'ஆ'வுக்கு 26.5. முடிவு தலைகீழாகிவிட்டது.

குதிரை உலகிலும் இதே பொறிதான். பேர் பெற்ற இளம் பொலிக்குதிரைக்குச் சிறந்த பெண் குதிரைகளே வந்து சேரும். குட்டிகள் வென்றால் தகப்பனுக்குப் பெயர். தாய்களின் பங்கைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மண்ணின் பங்கையும் கழிக்க வேண்டும். நம் கடலோரக் களிமண்ணில் சாதாரண மரமும் நன்றாகக் காய்க்கும்; உள்நாட்டுச் செம்மண் மேட்டில் நல்ல மரமும் திணறும். அதனால் ஒவ்வொரு தகப்பனின் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் குவிக்காமல், சோதனை நிலத்தின் பல பகுதிகளில் கலந்து நடுகிறார்கள். ஒவ்வொரு மரத்தின் குலையும் எடை போடப்படும். மாதிரிக் குலைகளைப் பிரித்து, குலையில் பழம் எவ்வளவு, பழத்தில் சதை எவ்வளவு, சதையில் எண்ணெய் எவ்வளவு என்று அளப்பார்கள்.

காலம்தான் பெரிய செலவு. மகரந்தம் ஊதிய குலை பழுக்க ஐந்தரை மாதம். விதை முளைக்கச் சில மாதம். நாற்றுமேடையில் ஓர் ஆண்டு. வயலில் நட்டு முதல் குலை வெட்ட ஏறக்குறைய 30 மாதம். அதன் பிறகு நான்கு ஆண்டாவது எடைக் கணக்கு. கூட்டிப் பாருங்கள், எட்டு ஆண்டுகளைத் தாண்டிவிடும். அதுவரை அந்த இளம் தகப்பனைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகமே.

குறுக்குவழி உண்டா?

ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசிய செம்பனை வாரியத்தின் அறிவியலாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து கண்டுபிடித்து 2013இல் வெளியிட்டார்கள். இதனால் நாற்றின் இலைத் துண்டைச் சோதித்தே அது டூராவா, டெனெராவா, பிசிபெராவா என்று சொல்லிவிடலாம். ஆனால், குலை எடை பல மரபணுக்களின் கூட்டு வேலை. டெனெரா என்று தெரிந்தாலும் அது நல்ல டெனெராவா என்பதை இந்த ஒரு சோதனை சொல்லாது. குதிரையிலும் 2010இல் தசை வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணு கண்டறியப்பட்டது. ஒரு குதிரைக்குக் குறுகிய தூரம் ஏற்றதா, நீண்ட தூரமா என்பதை ஊகிக்க அது உதவும். வெல்லுமா என்பதை அது சொல்லாது. பிள்ளைகளை வளர்த்து அளப்பதற்கு இந்த ஒற்றை மரபணுச் சோதனைகள் மாற்று ஆகா.

சிறுதோட்டக்காரர் கவனிக்க வேண்டியது

மறுநடவு செய்பவர்களில் சிலர், பக்கத்துத் தோட்டத்தில் குலை நன்றாக இருக்கிறதே என்று மரத்தடியில் முளைத்த நாற்றை எடுத்து நடுகிறார்கள். டெனெரா மரத்தில் மற்றொரு டெனெராவின் மகரந்தம் சேர்ந்தால் பிள்ளைகள் டூரா ஒரு பங்கு, டெனெரா இரண்டு பங்கு, பிசிபெரா ஒரு பங்கு எனப் பிரியும். ஒரு ஹெக்டருக்கு 136 மரம் நட்டால் சராசரியாக 34 டூரா, 68 டெனெரா, 34 பிசிபெரா. அதாவது நான்கில் ஒரு மரம் உரத்தைத் தின்று கொழித்து, குலை தராமல் நிற்கும். நாற்றுப் பருவத்தில் கண்ணால் பார்த்து இதைப் பிரிப்பது எளிதல்ல. தெரிய வரும்போது சில ஆண்டுகள் ஓடிவிட்டிருக்கும். நட்ட மரத்தோடு ஏறக்குறைய 25 ஆண்டு வாழ வேண்டும்.

ஆகவே நாற்று வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாற்றுமேடைக்கு மலேசிய செம்பனை வாரியத்தின் உரிமம் உண்டா? விதை எந்த உற்பத்தியாளரிடமிருந்து வந்தது? அதற்கான ஆவணத்தைக் காட்ட முடியுமா? ஆவணத்தின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சோதித்துத் தேர்ந்த தகப்பனுக்காக யாரோ எட்டு ஆண்டுகளுக்கு மேல் குலைகளை எடை போட்டிருக்கிறார்கள். நல்ல நாற்றுக்கு நீங்கள் தரும் விலையில் அந்த உழைப்பும் அடங்கியிருக்கிறது.