கூட்டல் கழித்தல் குறியைப் படிப்போம், கூலியைக் காப்போம்



ரெசிஸ்டர் என்ற சின்ன மின்னணு உதிரிபாகத்தின் கம்பிக் காலை வெட்டி வளைத்துக் கொடுக்கும் வேலையை எங்கள் குழு கூலிக்கு எடுத்துச் செய்தது. முதல் லாட் அப்படியே திரும்பி வந்துவிட்டது. ரெண்டு நாள் கூலி போச்சு!

என்ன நடந்தது? டிராயிங்கில் கால் நீளம் 6 என்று இருந்தது. அதன் பக்கத்தில் மேலே +0, கீழே -0.5 என்று போட்டிருந்தது. "அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் போல" என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். நிறைய கால்கள் 6.3 வந்துவிட்டன. கால் நீண்டால் பலகைக்கு அடியில் துருத்திக்கொண்டு, பக்கத்து உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகலாம். அதனால்தான் கூடவே கூடாது என்று +0 போட்டிருக்கிறார்கள்.

டாலரன்ஸ் என்றால் என்ன?

எந்தக் கையும் எந்த மெஷினும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வெட்டாது. எதுவரை கூடலாம், எதுவரை குறையலாம் என்று டிராயிங் சொல்லும் எல்லைதான் டாலரன்ஸ். உள்ளே இறங்கும் தூக்குவாளி மூடியை நினைத்துப் பாருங்கள். துளி சின்னதாக இருந்தால் பரவாயில்லை. துளி பெரிதானாலும் இறங்காது.

குறிகளைப் படிப்பது எப்படி?

1. 10 ±0.5: இரண்டு பக்கமும் சம இடம். 9.5 முதல் 10.5 வரை சரி.

2. 6, மேலே +0, கீழே -0.5: குறையலாம், கூடக் கூடாது. 5.5 முதல் 6 வரை மட்டும் சரி.

3. மேக்ஸ் என்று ஆங்கிலத்தில் இருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது. மின் என்று இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது.

4. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அளவு தகவலுக்கு மட்டும். அதை வைத்துப் பொருளைத் தள்ள வேண்டாம்.

5. அளவின் பக்கத்தில் எதுவுமே இல்லையா? டிராயிங்கின் மூலையில் உள்ள கட்டத்தைப் பாருங்கள். பொதுவான டாலரன்ஸ் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரெசிஸ்டர் மேலே உள்ள தங்க நிறக் கோடும் டாலரன்ஸைத்தான் சொல்கிறது. ஆனால் அது நீளத்துக்கு அல்ல, மின்தடைக்கு. தங்கக் கோடு என்றால் 5 சதவீதம், வெள்ளிக் கோடு என்றால் 10 சதவீதம். 100 ஓம் ரெசிஸ்டரில் தங்கக் கோடு இருந்தால் 95 முதல் 105 ஓம் வரை இருக்கலாம்.

இப்போது நாங்கள் செய்வது

வேலை தொடங்கும் முன்பே குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் கணக்குப் போட்டு, தமிழில் பெரிதாக எழுதி மேஜை மேல் ஒட்டிவிடுகிறோம். காலிப்பரை மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிறோம். முதல் ஐந்தை அளந்த பிறகே மற்றதை வெட்டுகிறோம். புரியாத குறி வந்தால் வேலை கொடுத்தவரிடம் கேட்கிறோம். கேட்பதில் வெட்கமில்லை அக்கா, கேட்காமல் வெட்டினால்தான் நஷ்டம்.

அடுத்த கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள்: அளவு 8, மேலே +0.2, கீழே -0. அளந்தால் ஒன்று 8.1, இன்னொன்று 7.9. எது தேறும்?

(விடை: 8.1 தேறும். 7.9 தேறாது.)