பரிசோதனைச் சீட்டு கையில் வந்தால்...

மகனுக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல். வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். தாய் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டு, நகரின் தனியார் ஆய்வுகூடத்துக்கு ஓடினார். மண்சரிவில் வீடும் மரக்கறித் தோட்டமும் போன பின் அக்குடும்பத்திடம் எஞ்சியிருந்தது அந்தத் தோடு மட்டுமே. அதே பரிசோதனை அரச வைத்தியசாலையில் இலவசம் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லத் தவறிவிட்டோம்.

ஆகவே இம்முறை இதையே பாடமாகக் கற்போம்.

அரச வைத்தியசாலை: வைத்தியரைப் பார்க்கவும் அங்கே செய்யும் பரிசோதனைக்கும் பணம் கட்டத் தேவையில்லை. 35 வயதைத் தாண்டியோர் சுகவாழ்வு நிலையத்தில் சீனி, இரத்த அழுத்தம் என்பவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், அதைச் சொல்லிப் புதியது கேளுங்கள்.

எல்லா வைத்தியசாலையிலும் எல்லாப் பரிசோதனையும் இல்லை என்பது உண்மை. எனவே சீட்டு கிடைத்ததும் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

1. இதை இங்கேயே செய்யலாமா?
2. இல்லையெனில் திக்கோயா, நுவரெலியா, கண்டி போன்ற பெரிய அரச வைத்தியசாலைக்கு எழுதித் தருவீர்களா?
3. இது இன்றே அவசியமா, சில நாள் பொறுக்கலாமா?

காய்ச்சலில் மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் 'இன்றே' என்பதே பதில். டெங்குவும் எலிக்காய்ச்சலும் காத்திருக்கமாட்டா. கையில் பணம் இல்லையென்று வீட்டுக்குத் திரும்பாமல், வைத்தியரிடமே திரும்பிச் சென்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தனியார் ஆய்வுகூடம்: 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி இவை பதிவு செய்யப்பட வேண்டும். கட்டணத்துக்கு எல்லை வகுக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. 2017இல் டெங்கு பரவியபோது முழு இரத்தப் பரிசோதனைக்கு 250 ரூபாவும் டெங்கு அன்டிஜன் பரிசோதனைக்கு 1,000 ரூபாவும் உச்சக் கட்டணமாக்கப்பட்டன. அத்தொகைகள் பின்னர் மாறின. ஆதலால் இரத்தம் கொடுக்குமுன் விலையைக் கேளுங்கள். சீட்டில் எழுதாத பரிசோதனைக்குப் பணம் கேட்டால் ஏனென்று வினவுங்கள். பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முறைப்பாடு செய்ய அதுவே சாட்சி.

குழுவில் கலந்துரையாட:
• கடந்த ஆண்டில் நமது குடும்பங்கள் எந்தப் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுத்தன? அவற்றில் எவை இலவசமாகக் கிடைத்திருக்கும்?
• வாசிக்கத் தெரியாத அயலவருடன் வைத்தியசாலைக்குத் துணைபோக நம்மில் யார் முன்வருவோம்?