சாதாழை: கடலடியில் உள்ள நாற்றுமேடை

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கமக்காரர் சாதாழையை எருவாக நன்கு அறிவர். கரையில் ஒதுங்கும் அதனை அள்ளித் தோட்டத்து மண்ணிற் புதைத்தல் அவர்தம் பழைய வழக்கம். ஆயின், அதே சாதாழை கடலுக்குள் உயிரோடு நிற்கும்போது ஆற்றும் தொண்டு எருவினும் பெரிது. யாழ்ப்பாணப் பரவைக்கடலிலும் பாக்கு விரிகுடாவிலும் சிறு வள்ளங்கொண்டு தொழில்செய்யும் குடும்பங்களின் பிழைப்பு பெரிதும் அதிலேயே தங்கியுள்ளது.

சாதாழை யாது?

இதனைப் பாசி என்று கருதுவோர் பலர். அது பொருந்தாது. பாசிக்கு உண்மையான வேரும் இல்லை, பூவும் இல்லை. சாதாழையோ வேரும், மண்ணுட் படரும் தண்டும், இலையும் உடையது. நீருக்கடியிற் பூத்து விதை தருவது. இலங்கைக் கடல்களில் இதன் இனங்கள் பத்துக்கு மேல் உள. வெயில் எட்டாத இடத்தில் இது வளராது. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. பரவைக்கடல் அதனினும் ஆழங் குறைந்தது. ஆதலின் இங்கு சாதாழை வயல்போற் பரந்து வளர்கின்றது.

இவ்வயல் இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் நாற்றுமேடை போன்றது. இறால் வெளிக்கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் பரவைக்கடலுட் புகுந்து, சாதாழையின் இடையிலும் கண்டல் வேர்களின் இடையிலும் ஒளித்து வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்பும். ஓரா மீனும் கடற்பசுவும் சாதாழையை மேய்ந்து வாழும். அதன் வேர்கள் மணலை இறுகப் பிடித்து, இலைகள் அலையின் வேகத்தைத் தணிப்பதால் கரை அரிப்பும் குறையும்.

கேடு விளையும் வழிகள்

இவற்றுள் மிகக் கொடியது இழுவைமடி. அதன் பாரமான பலகைகளும் சங்கிலியும் கடலடியைக் கிளறிச் செல்லுகையிற் சாதாழை வேரோடு பெயர்கின்றது. கிளம்பிய சேறு நீரைக் கலக்கி, எஞ்சிய இலைகளுக்கும் ஒளியை மறைக்கின்றது. கமக்காரன் விதைப்பதற்காக உழுவான்; இழுவைமடி பயிர் நிற்கும்போதே உழுகின்றது.

1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் வடபகுதித் தொழிலாளர் கடலுக்குச் செல்லுதல் பெரிதும் தடைப்பட்டிருந்தது. போர் முடிந்தபின் கடன்பட்டு வலை வாங்கித் தொழிலுக்குத் திரும்பியோர் பலரின் வலைகளை, எதிர்க்கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகள் அறுத்துச் சென்றன. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாள் இப்படகுகளுக்கு ஓய்வு விதிக்கப்பட்டுள்ளது. ஆயின் வேரோடு பெயர்ந்த சாதாழை மீண்டும் அடர்ந்து வளர ஆண்டுகள் பல வேண்டும். இலங்கையில் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. இச்சட்டம் உள்ளூர்ப் படகுகளுக்கும் உரியதாகும்.

இழுவைமடி ஒன்றே கேடன்று. சிறுகண் வலை குஞ்சுகளையும் வாரிவிடும். கைவிடப்பட்ட நைலோன் வலை மட்காது கடலடியிற் கிடந்து மீனைக் கொல்லும். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா, மழைநீரோடும் நிலத்தடி நீரோடும் பரவைக்கடலை அடைந்து, பாசியைப் பெருக்கும். அப்பாசி சாதாழை இலையின்மேற் படர்ந்து ஒளியை மறைக்கும்.

செய்யத்தக்கவை

1. சினை நண்டு வலையிற் பட்டால் உயிரோடு கடலில் விடுக. ஒரு நண்டு பல இலட்சம் முட்டைகளைச் சுமக்கும். முட்டைத்திரள் கருநிறமாயின் அவை பொரிக்கும் காலம் அணித்தெனக் கொள்க.

2. குஞ்சுகள் தப்பிச் செல்லத்தக்க கண்ணளவுள்ள வலையையே பாவிக்குக. கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவருக.

3. சாதாழை நிற்கும் ஆழமற்ற இடத்தில் இயந்திரத்தை உயர்த்தி, மரக்கோல் ஊன்றிச் செல்க. நங்கூரத்தை வெறுமணலில் இடுக.

4. எருவுக்குக் கரையில் ஒதுங்கியதை மட்டும் அள்ளுக. நிற்பதைப் பிடுங்கற்க.

5. கரையோரத் தோட்டக்காரர் யூரியாவைப் பயிரின் தேவைக்கேற்பப் பல முறையாகப் பிரித்து இடுக. பெருமழைக்கு முன் இடுதல் பணத்தைக் கடலிற் கொட்டுவதாகும்.

ஒருமித்துச் செய்தல்

“நான் விட்ட நண்டை அடுத்தவன் பிடிப்பான், பின் எனக்கு என்ன பயன்?” என்று தொழிலாளர் கேட்பது இயல்பே. அன்றைய வருமானத்தில் அடுப்பெரியும் வீட்டில் இக்கேள்வி எளிதன்று. தனியொருவர் செய்யும் காவலாற் கடல் வளம் பெருகாது என்பதும் மெய்யே. ஆயினும் இதற்கொரு வழியைக் கமக்காரர் முன்னரே கண்டுள்ளனர். குளத்தின்கீழ் வயல் செய்வோர் போகத்துக்கு முன் கூட்டங்கூடி, விதைக்கும் நாளையும் நீர் திறக்கும் நாளையும் ஒன்றாகத் தீர்மானிப்பர். ஒருவர் மீறினால் யாவருக்கும் நட்டமென அவர் அறிவர். அவ்வாறே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தவரும் கூடி, தம் கடலிற் குஞ்சுகள் மிகுதியாக வளரும் இடம் எதுவென முதியோரைக் கேட்டறிந்து, அவ்விடத்தில் எவரும் வலையிடாத மாதங்களைக் கடற்றொழிற் பரிசோதகரின் துணையோடு குறித்துக்கொள்ளலாம். விதைநெல்லை உண்ணாது வைத்திருந்த வீட்டிலேதான் மறுபோக விளைச்சல் உண்டு.